பிலோ அத்தையின் கையெழுத்து

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் ஒன்று கேட்டாய். கல்யாண அட்டை அச்சாகி வந்ததும் முதல் அட்டை பிலோ அத்தைக்குத்தான் போக வேண்டும் என்றாய். கல்யாணத்தன்று கோயிலுக்குப் புறப்படும்போது, அம்மா இருந்திருந்தால் உன் நெற்றியில் போட்டிருக்கக்கூடிய சிலுவையை அத்தை கையால் போட வேண்டும் என்றும் சொன்னாய். நான் "சரிப்பா, குடுத்துடுறேன்" என்றேன். அடுப்பில் ஏதோ கொதிக்கிறது என்று சொல்லி உடனே போனையும் வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை. காலையில் கோப்பிக்கடையில் ரொட்டி சானாய் தின்றுவிட்டால் மத்தியானம் வரைக்கும் உன் அப்பா அடுப்புப் பக்கம் போக மாட்டான் என்பது உனக்குத் தெரியாததல்ல. சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

உன்னிடம் மறைத்து வைத்திருந்ததை இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும். அத்தை நம் தெருவில், நம் லோரோங்கில் இல்லை. இரண்டு வருடமாக இல்லை. ஃபெரியில் போய்ப் பட்டர்வொர்த்தில் இறங்கி, பஸ்ஸில் இன்னும் முக்கால் மணி நேரம் உள்ளே போனால் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. அங்கே இருக்கிறாள். நீ ஒவ்வொரு தடவையும் "அத்தை எப்படிப்பா இருக்காங்க?" என்று கேட்டபோது "நல்லாருக்காங்க, பூசைக்குப் போயிருக்காங்க" என்று சொன்னேன். அவளிடம் போன் கிடையாது, நீயோ மெல்பர்னில் இருக்கிறாய், எங்கே வந்து பார்க்கப் போகிறாய் என்ற தைரியம்தான். இதைப் போனிலேயே சொல்லிவிடலாம் என்று நாலைந்து முறை உன் எண்ணை எடுத்தேன். நடுவில் நீ "ஏன்ப்பா?" என்று ஒரு வார்த்தை கேட்டாலும் நான் பேச்சை மாற்றிவிடுவேன் என்று எனக்கே தெரியும். முப்பது வருடம் நில அலுவலகத்தில் கிராணியாக எழுதித் தள்ளியவன் நான், எனக்குத் தாளில்தான் நேராக வரும். ஆகவே பொறுமையாகப் படி. உனக்கு மனைவியாக வரப்போகிற பிள்ளையும் படிக்கட்டும். எந்த மாதிரி வீட்டுக்கு வருகிறோம் என்று தெரிந்துகொண்டே வரட்டும்.

எல்லாம் நம் வீட்டுக்கு எதிரே இருக்கும் மாதா கோயில் நிலத்தில் ஆரம்பித்தது. நீ பந்து விளையாடி முட்டியைப் பெயர்த்துக்கொண்ட அதே இடம். திருவிழாவுக்கு வருடத்தில் ஒன்பது நாள் அங்கே கடை போடுவார்கள், மற்ற நாளெல்லாம் லாலாங் புல்லும் நாலு நாயும்தான். ஒரு நாள் தமிழ்ப் பூசை முடிந்ததும், அப்போதிருந்த ஃபாதர் ஒரு அறிவிப்புச் செய்தார். அந்த இடத்தில் வயதானவர்களுக்கு நான்கு மாடியில் வீடு கட்டப் போகிறோம், துணையில்லாமல் இருக்கிறவர்களுக்குத் தனித்தனி அறை, லிஃப்ட் உண்டு, கீழே ஒரு கிளினிக், எந்த மதத்துக்காரர்களும் கேட்கலாம் என்றார். ஆனால் பத்திரத்தில் அது சமயப் பயன்பாட்டு நிலம். அதைக் குடியிருப்பு நிலமாக மாற்றினால்தான் கட்ட முடியும். மாற்றுவதற்கு முன் மாநகர் மன்றம் அக்கம்பக்கத்தாருக்கு நோட்டீஸ் அனுப்பி, ஆட்சேபம் இருந்தால் வந்து சொல்லுங்கள் என்று கேட்கும். நோட்டீஸ் மலாயில் வந்தது. லோரோங் முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தது.

கோப்பிக்கடையில் ஒரு வாரம் இதே பேச்சுதான். பக்கத்து வீட்டு அங்கிள் லிம் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னார், "யூ திங்க் லா, டெய்லி ஆம்புலன்ஸ், டெய்லி பிண வண்டி. ஹூ வாண்ட் மை ஹவுஸ்?" லாரி ஓட்டிய மணியத்துக்கு வேறு கவலை. "மழ பேஞ்சா இப்பவே லோங்காங் ரொம்பி தண்ணி வீட்டுக்குள்ள வருது. நாலு மாடி வந்தா நம்ம சம்பான் படகு வாங்கி வெச்சிக்க வேண்டியதுதான். ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வர்ற காடியெல்லாம் எங்க போடுவான்? என் கேட்டு முன்னாடிதானே?" இதில் எதுவும் பொய்யில்லை, தம்பி. சாக்கடை உண்மை. கார் உண்மை. காலை வெயில் மறைந்துபோகும் என்பதும் உண்மை. இந்த உண்மைகளை எல்லாம் வரிசைப்படுத்தி அழகான மலாயில் மனுவாக எழுத ஒரு ஆள் வேண்டியிருந்தது. யார் அந்த ஆள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என்னுடைய காரணம் மட்டும் சாக்கடையும் இல்லை, காரும் இல்லை. உன் அம்மா கடைசி பதினான்கு மாதம் முன் அறையில்தான் படுத்திருந்தாள். ஜன்னலோரம் கட்டில், கட்டிலோரம் கமோட் நாற்காலி. அந்த ஜன்னலிலிருந்து தெரிந்ததெல்லாம் அந்தக் காலி நிலம்தான். இன்றைக்குப் புல் வெட்ட யார் வந்தது, எந்த நாய் குட்டி போட்டது என்று எனக்குச் செய்தி சொல்லுவாள். ஆபீசுக்குப் போய்வந்தவளைப் போல அவ்வளவு சேதி வைத்திருப்பாள். அவள் போன பிறகும் நான் அந்த ஜன்னலைத்தான் காலையில் முதலில் திறப்பேன். அங்கே ஒரு கட்டடம் எழும்பி, ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு கட்டிலும் அதில் ஒருவரும் இருந்தால் நான் எப்படி அதைத் திறப்பேன் என்று நினைத்தேன். ஒவ்வொரு ஜன்னலிலும் அவள் முகம்தான் தெரியும் என்று பயந்தேன். பயந்தேன் என்று நேராகச் சொல்லியிருக்கலாம். ஆட்சேப மனுவில் அதற்கு இடம் கிடையாது. சாக்கடை என்று எழுதினேன்.

நான் விண்ணப்பப் பாரம் நிரப்பும் முறை உனக்கு நினைவிருக்கும். லோரோங்கில் யாருக்கு எந்தப் பாரம் வந்தாலும், அது அடையாள அட்டையோ அரசாங்க உதவியோ பேரப்பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதோ, என்னிடம்தான் வரும். நான் நிரப்பிவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பேன். அவர்கள் வந்து அந்தக் குறி மேல் கையெழுத்துப் போடுவார்கள். பிறகு நான் ரப்பரால் குறியை அழித்துவிடுவேன். படித்துக் காட்டட்டுமா என்று நான் கேட்டதில்லை, படித்துக் காட்டுங்கள் என்று அவர்களும் கேட்டதில்லை. கோயில் வாசலில் யாராவது "அண்ணே, ஒரு பாரம்" என்று ஓடி வந்தால் உன் அம்மா என் முதுகில் தட்டி, "போங்க, மந்திரியக் கூப்புடுறாங்க" என்று சிரிப்பாள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். நாலு பேர் வாசிக்காமலே கையெழுத்துப் போடும் அளவுக்கு உன்னை நம்புகிற ஒரு நிலைமை உனக்கு வந்தால் சந்தோஷப்படாதே, தம்பி. பயப்படு. எனக்கு அந்தப் பயம் ஒரு நாளும் வந்ததில்லை.

அத்தையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, உன் மனைவிக்காக எழுதுகிறேன். பிலோமினா என்னைவிட மூன்று வயது இளையவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நமக்கு இரத்த உறவும் இல்லை. கோயில் மதிலை ஒட்டிய வீட்டில் பின்னறையில் வாடகைக்கு இருந்தாள். பீடத்துணிகளைத் துவைத்து இஸ்திரிப் பெட்டி போடுவது அவள் வேலை. உன் அம்மா பாயான் லெப்பாசில் மின்னணுத் தொழிற்சாலையில் ஷிஃப்டு வேலை பார்த்த காலம் முழுக்க, பள்ளி விட்டு வந்ததும் உனக்குச் சோறு போட்டவள் அவள்தான். உனக்கு அம்மை போட்டபோது ஒன்பது நாள் வீட்டுக்குப் போகாமல் உன் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள். அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. கன்னியர்கள் அவளுக்குத் தன் பெயரை மட்டும் தமிழில் எழுதக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதிலும் 'லோ' எழுதும்போது முன்னால் வர வேண்டிய கொம்பை மறந்துவிடுவாள், அப்புறம் இடுக்கில் நுழைத்து வைப்பாள்.

ஃபாதர் அறிவித்த அன்றே அவள் கோயில் கேட்டுக்கு வெளியே எனக்காகக் காத்திருந்தாள். முகமெல்லாம் ஒரே சிரிப்பு. "அண்ணே, அந்த வீடு கட்டுனா எனக்கு ஒரு ரூம் கேட்டு எழுதிக் குடுங்கண்ணே. மணி சத்தம் கேக்குற பக்கமா இருந்தா போதும். வீட்டுக்காரரு எப்ப விப்பாரோ தெரியல. எனக்கு வேற யாருண்ணே இருக்கா?" என்றாள். "மொதல்ல கட்டட்டும்லா, பாப்போம்" என்றேன். ஆக, அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நான் உன்னிடம் சொல்ல முடியாது. அதுதான் இந்தக் கடிதத்தில் எழுதக் கை வராத வரி, எழுதிவிட்டேன்.

மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்லும் நம் அன்பியக் கூட்டம் அந்த மாதம் மணியத்தின் எதிர்வீட்டில் நடந்தது. ஜெபம் முடிந்து, கடலையும் தேத்தண்ணியும் வந்த பிறகு நான் மனுவை எடுத்தேன். மற்றவர்கள் எல்லாம் விஷயம் தெரிந்துதான் போட்டார்கள். பிலோமினா சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். அவள் வீடுதான் கோயில் மதிலை ஒட்டியது, அவள் கையெழுத்து இருந்தால் மனுவுக்குப் பலம் என்று எனக்குத் தெரியும். தாளைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே போனேன். "என்னா பாரம்ண்ணே?" என்றாள். "கோயில் நெலத்து விஷயம்" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு, என் சட்டைப் பையிலிருந்து அவளே பேனாவை உருவி, பென்சில் குறி மேல் தன் பெயரை எழுதினாள். கொம்பை இடுக்கில் நுழைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "மணி சத்தம் கேக்குற பக்கமாவே எழுதிட்டீங்களாண்ணே?" என்று கேட்டாள்.

அந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும், தம்பி. "இது ரூமுக்கு இல்ல பிலோமி, இது வேண்டாம்னு குடுக்கிற பாரம்" என்று சொல்லியிருந்தால் அவள் கோபித்திருப்பாள், அழுதிருப்பாள், தாளைக் கிழித்தும் இருப்பாள். நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். "நேரமாச்சு" என்றேன். அவள் "ரொம்ப நன்றிண்ணே" என்றாள். வீட்டுக்கு வந்து பென்சில் குறிகளை எல்லாம் வரிசையாக ரப்பரால் அழித்தேன்.

உனக்கு ஒன்பது வயதிருக்கும்போது கணக்கில் தோற்றுப்போய், ரிப்போர்ட் கார்டில் அத்தையிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாயே, ஞாபகம் இருக்கிறதா? "இங்க போடுங்க அத்த, டீச்சர் கேட்டாங்க" என்று விரலால் காட்டினாய், அவளும் பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் பிலோமினா என்று எழுதிக் கொடுத்தாள். டீச்சர் கூப்பிட்டு அனுப்பி என்னிடம் காட்டியபோது எனக்கு இரத்தம் தலைக்கேறியது. ரோத்தான் பிரம்பை எடுத்து உன் காலில் அடித்தேன். தோற்றதற்கு அடிக்கவில்லை. "படிக்கத் தெரியாதவங்கள ஏமாத்துவியா? நம்பிப் போட்டவங்கள ஏமாத்துவியா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். பிறகு உன்னை அவள் வீட்டுக்கு இழுத்துப்போய் மண்டியிடச் சொன்னேன். அவள் உன்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "சின்னப் புள்ளண்ணே, விடுங்க. எங்கிட்ட வந்துச்சே, அதுவே எனக்குப் பெருசு" என்றாள். அன்றைக்கு என்னை நான் பெரிய நியாயவான் என்று நினைத்துக்கொண்டேன். உனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தத் தாளை நான் மடித்துப் பைக்குள் வைத்தபோது எனக்கு அறுபத்தொன்பது. உன் காலில் விழுந்த அந்த அடிக்கு இன்று நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அடித்தது தப்பு என்பதற்காக இல்லை, அடித்த கைக்கு அந்த யோக்கியதை இல்லை என்பதற்காக.

விசாரணை நாளில் நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். அதிகாரி பொறுமையான மனிதர், இரண்டு பக்கமும் கேட்டார். ஃபாதர் எழுந்து, இந்த லோரோங்கிலேயே துணையில்லாத வயதானவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் கேட்கிறோம் என்றார். அது எல்லோர் மனதிலும் பதிந்தது, எனக்கும் தெரிந்தது. உடனே நான் எழுந்து மனுவைத் தூக்கிக் காட்டி, பிலோமினாவின் கையெழுத்தின் மேல் விரலை வைத்துச் சொன்னேன், "துவான், இனி ஓராங் துவா, திங்கல் செஓராங். டியா புன் தாக் செத்துஜு." தனியாக இருக்கிற வயதானவரே சம்மதிக்கவில்லை, பாருங்கள் என்று. அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். ஃபாதர் திரும்பி என்னைப் பார்த்தார். விண்ணப்பம் தள்ளுபடியானதற்கு எங்கள் மனு மட்டும்தான் காரணமா என்று எனக்குத் தெரியாது. தள்ளுபடியான சேதி வந்த அன்று கோப்பிக்கடையில் அங்கிள் லிம் எல்லோருக்கும் கோப்பி வாங்கிக் கொடுத்தார், எனக்கு மட்டும் அரை வேக்காட்டு முட்டை இரண்டு.

அதற்கு அடுத்த மாதம்தான் நீ கடைசியாக வந்திருந்தாய். அத்தை உனக்காக இடியாப்பம் பிழிந்து, தேங்காய்ப்பூவும் கூலா மெலாக்கா சர்க்கரையும் போட்டு எடுத்து வந்தாள். நாம் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் சாதாரணமாகக் கேட்டாள், "ஏண்ணே, அந்த வீட்ட வேணாம்னு சொன்னாங்களாமே, யாருண்ணே சொன்னது?" உனக்குக் கோபம் வந்துவிட்டது. "யாருப்பா அப்படிச் செய்வாங்க? வயசானவங்களுக்குக் கட்டுறத வேணாம்னு சொல்ல மனசு வருமா?" என்றாய். நான் இடியாப்பத்தைப் பிசைந்துகொண்டே, "ஜனங்க அப்படித்தான்" என்றேன். நீ என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு இரண்டாவது தடவை சர்க்கரை போட்டுக் கொடுத்தாய். உனக்கு ஒன்று சொல்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு உன் மனைவியிடம் ஒரு தப்பை மறைக்க நேர்ந்தால், முதல் நாளே சொல்லிவிடு. இரண்டாவது நாள் அதைச் சொல்வதற்கு இரண்டு தப்பைச் சொல்ல வேண்டும். நான் இப்போது எத்தனை சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று நீயே பார்.

அவள் பயந்தபடியே வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டார். இப்போது அது வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் சின்ன ஹோட்டல், அவளுடைய பின்னறையில் சோப்பும் துண்டும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நம் வீட்டிலேயே வந்து இரு என்று நான் சொன்னேன், தம்பி, அதையும் நம்பு. "அக்கா இல்லாத வீட்டுல நான் எப்படிண்ணே வந்து இருப்பேன், நாலு பேரு என்னா சொல்லுவாங்க" என்று மறுத்துவிட்டாள். நான் இரண்டாம் முறை கேட்கவில்லை. கோயில்காரர்கள் அலைந்து திரிந்து அந்தப் பக்கம் ஒரு இடம் பார்த்தார்கள். சேர்ப்புப் பாரத்தை நிரப்பியதும் நான்தான், பென்சில் குறி போட்டதும் நான்தான், ஃபெரியில் கூட்டிக்கொண்டு போய் விட்டதும் நான்தான். ஃபெரி நகர்ந்ததும் அவள் திரும்பி ஊரைப் பார்த்துக்கொண்டே வந்தாள். "அங்க தமிழ்ப் பூசை இருக்காண்ணே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். இல்லை.

இப்போது அந்த நிலத்தில் பாதிக்குத் தார் போட்டுவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துகிறார்கள். மழைக்கு லோங்காங் வழக்கம்போல ரொம்புகிறது. நான் காலையில் ஜன்னலைத் திறந்தால் ஒருவரும் தெரிவதில்லை. அதைத்தானே கேட்டேன். போன மாதம் அங்கிள் லிம்மின் மனைவி குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அவர் வேலியோரம் வந்து நின்று, "தட் சர்ச் ஹவுஸ், இப்போ கேட்டா கெடைக்குமா ஆ?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். என் முட்டியும் மாடிப்படி ஏற மாட்டேன் என்கிறது, கீழே சோபாவில்தான் படுக்கிறேன். ஒரு நாள் என்னையும் எங்காவது சேர்க்க வேண்டி வரும். நீ தயங்காதே. ஆனால் என்னிடம் நேராகச் சொல். என் கண் நன்றாகத் தெரிந்தாலும் சரி, அந்தப் பாரத்தை உட்கார்ந்து எனக்குப் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கு.

புதிதாக வந்திருக்கும் ஃபாதர் மறுபடி விண்ணப்பிக்கப் போகிறார் என்று பேச்சு அடிபடுகிறது. இந்த வாரம் நான் அவரைப் போய்ப் பார்த்து, அந்தக் கையெழுத்தை எப்படி வாங்கினேன் என்று சொல்லிவிட்டேன். மாநகர் மன்றத்துக்கும் என் பெயரைப் போட்டு எழுதிவிட்டேன். அடுத்த அன்பியக் கூட்டத்தில் ஜெபமாலை முடிந்ததும் எழுந்து எல்லோர் முன்னாலும் சொல்லப் போகிறேன். மணியம் என்னோடு பேசாமல் போகலாம், போகட்டும். ஆனால் கட்டடம் கட்டி முடிக்க எத்தனை வருடம் ஆகும் என்று நில அலுவலகத்தில் இருந்தவனுக்குத் தெரியும். பிலோமினாவுக்கு அத்தனை வருடம் இருக்கிறதா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

முந்தாநாள் மார்க்கெட் ஸ்ட்ரீட் அச்சுக்கடையிலிருந்து அட்டைகள் வந்தன. மேலே இருந்ததை எடுத்துக்கொண்டு நேற்றுக் காலை ஃபெரி ஏறினேன். முதலில் மன்னிப்பு, அப்புறம் அட்டை என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். அந்த இடத்தைக் குறை சொல்ல முடியாது, சுத்தமாக வைத்திருக்கிறார்கள். கூடத்தில் சீன நாடகம் ஓடிக்கொண்டிருந்தது, அவள் அதற்கு முதுகைக் காட்டி வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மெலிந்துவிட்டாள். ஒரு கண்ணில் புரை. என் குரலைக் கேட்டுத்தான் கண்டுபிடித்தாள். "தம்பி நல்லாருக்காண்ணே? சாப்புடுறானா?" என்று உன்னைத்தான் முதலில் கேட்டாள். அப்புறம், "மணி இன்னும் ஆறு மணிக்குத்தான் அடிக்கிறாங்களா?" என்றாள். "ஆமா பிலோமி" என்றேன். என்ன செய்வதென்று தெரியாமல் பையிலிருந்து அட்டையை எடுத்தேன்.

தாள் உரசும் சத்தம் கேட்டதும் அவள் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டாள். "குடுங்கண்ணே. எங்க போடணும்?" என்றாள். நான் பேசுவதற்குள் என் சட்டைப் பையைத் தடவிப் பேனாவை எடுத்துவிட்டாள். அட்டையை மடி மேல் வைத்து, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பென்சில் குறியைத் தேடினாள். குறி இல்லை. விரலால் தடவித் தடவி, உன் பெயருக்குக் கீழே கொஞ்சம் வெற்றிடம் இருந்ததைக் கண்டுபிடித்து, அங்கே எழுதினாள். கொம்பை மறந்தாள், நுழைத்தாள். என்ன தாள் என்று கேட்கவே இல்லை. "முடிஞ்சுதாண்ணே?" என்று திருப்பிக் கொடுத்தாள். நான் அழுதேன், தம்பி. அவளுக்குக் கண் சரியாகத் தெரியாததால் அழுதது தெரியவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போக ஒரு பெண் வந்தாள். நான் "முடிஞ்சுது பிலோமி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மறுபடியும் சொல்லாமலே வந்துவிட்டேன்.

அந்த அட்டையை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நீ கேட்ட முதல் அட்டை அதுதான். பத்திரமாக எடுத்து வா. ஊருக்கு வந்ததும் வீட்டுக்கு வராதே, பெட்டியோடு நேராக அங்கே போவோம். மற்றதை எல்லாம் நான் அவளிடம் என் வாயாலேயே சொல்கிறேன், நீ கூட நின்றால் போதும், இந்தத் தடவை ஓடிப்போக மாட்டேன். எல்லாவற்றையும் கேட்ட பிறகு உன் நெற்றியில் சிலுவை போடுவதா வேண்டாமா என்று அவளே முடிவு செய்யட்டும். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒன்று செய். அவள் கையெழுத்துப் போட்ட தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று இதுவரைக்கும் அவளுக்கு ஒருவரும் சொன்னதில்லை. நீ அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அட்டையைப் பிரித்து, முதல் வரியிலிருந்து நிதானமாக அவளுக்குப் படித்துக் காட்டு.

அப்பா